சூரியனே விளக்கு

காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தை அடுத்த திருவானைக்காவலில் 1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி பிறந்தவர் ஸர் சி. வி. ராமன். கல்கத்தாவில் நிதி இலாகாவின் உயர்ந்த உத்தியோகம் வகித்த நாட்களிலும், காலை மாலைகளை விஞ்ஞான சங்கத்து ஆய்வுச்சாலையிலேயே கழித்தார். 1917-ல் அவ்வுத்தியோகத்தைத் துறந்து, குறைந்த சம்பளத்திற்குப் பேராசிரியரானார்.

அரிய கருவிகள் அங்கு ஏது? தூரதிருஷ்டிக் கண்ணாடியொன்றால் வெயிலைக் குவித்தார். ஊதாக் கண்ணாடி வழியே அதனைத் தூய திரவத்திற் பாய்ச்சி, ஊதாவை முற்றும் தடுக்கும் மஞ்சட்பச்சைக் கண்ணாடியால் மாணவர் கே. எஸ். கிருஷ்ணனுடன் நோக்கினார். இருளே தெரிதல் வேண்டும். மங்கிய ஒளியன்றோ தெரிந்தது! 1928 பிப்ரவரியில் பாதரஸ விளக்கும் சிறு நிறமாலைக் கருவியும் அதனை உறுதிசெய்தன. 1930-ல் நோபெல் பரிசு; 1970-ல் பெங்களூரில் மறைவு.

புரதங்களின் அமைப்பை ஆராய்வோரும் இன்று அம்முறையைக் கையாள்கின்றனர். அவர்தம் கருவிகளோ இலட்சக்கணக்கான ரூபாய் பெறும்.