விக்கிரம் சாராபாயும் பொதுக் கோளும்

விக்கிரம் சாராபாயை ஏவூர்தி விட்டவர் என்னும் அளவிலேயே பலரும் அறிவர். அவர்தம் வாழ்வில் யாம் பெரிதெனக் கொள்வது, விண்ணைப் பலர்க்கும் பொதுவெனக் கருதிய அவருடைய நோக்கமே.

அவர் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் அகமதாபாத்தில் ஆலைச் செல்வர் குடியிற் பிறந்தார். கேம்பிரிட்ஜிற் பயின்று, போர்க்காலத்தில் தாயகம் மீண்டு, பெங்களூரில் சர் சி. வி. இராமன் மேற்பார்வையில் அண்டக் கதிர்களை ஆராய்ந்தார். 1947இல் தம் ஊரில் இயற்பியல் ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார்.

பின்னர்த் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் சிற்றூரை ஏவுதளமாகத் தேர்ந்தார். புவியின் காந்த நடுக்கோடு அதனருகே செல்வதே காரணம். ஆங்கிருந்த மகதலேன் மரியாள் ஆலயத்தை ஆயர் பெரேரா விட்டுக்கொடுக்க, அதுவே ஆய்வாளர்க்குப் பணிமனையாயிற்று. 1963 நவம்பர் 21இல் முதல் ஏவூர்தி எழுந்தது. ஏவூர்தி அமெரிக்கருடையது, அது சுமந்த கருவி பிரெஞ்சியருடையது. உருசியரும் துணை நின்றனர். உலகம் இருகூறாய்ப் பகைத்திருந்த அந்நாளில் இம்மூவரையும் ஒரு கடற்கரை மணலிற் கூட்டியது எளிய செயலோ? 1968இல் அத்தளம் ஐக்கிய நாடுகள் அவைக்கு உரித்தாக்கப்பட்டது.

வறிய நாட்டிற்கு விண்வெளி எற்றுக்கு என வினவினார் பலர். அவ்வினா தகாததன்று என்பது எம் கருத்து. திங்களுக்கு ஆளனுப்பும் போட்டி நமக்கு வேண்டா, ஆயின் ஆசிரியரும் மருத்துவரும் எட்டாத சிற்றூர்க்குக் கல்வியைக் கொண்டுசெல்லச் செய்திக்கோளே விரைந்த வழி என்பது அவர்தம் விடை. அதன்பொருட்டு 1969இல் அமெரிக்கரோடு உடன்படிக்கை செய்யப்பட்டது. பயன் காணுமுன்னரே, 1971 டிசம்பர் 30இல் கோவளத்தில் உயிர்நீத்தார், அகவை 52.

1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக்காலம் அமெரிக்கர் இரவலாகத் தந்த கோள், ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் உழவும் உடல்நலமும் கற்பித்தது. கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கின் இல்லத்திலும் இந்தியப் பொறியாளர் அலைவாங்கி நிறுவினமையால், அயல்நாடும் அவ்வொளியைக் கண்டது.

இரவல் பெற்ற நாடு பின்னர்த் தானே ஈந்தது. 2017 மே 5இல் சிறீஹரிகோட்டாவினின்று 2,230 கிலோ எடையுள்ள தெற்காசியக் கோள் எழுந்தது. செலவு இந்தியாவினுடையது, பயன் இலங்கை, நேபாளம், பூட்டான், வங்காளதேசம், மாலத்தீவு, ஆப்கானிஸ்தான் ஆகியவற்றிற்கும் உரியது. பாகிஸ்தான் சேர மறுத்தமையால், சார்க் கோள் என முதலில் வழங்கிய பெயரும் மாற்றப்பட்டது. பகைவரையும் தும்பாவிற் கூட்டியவர் உயிரோடிருந்திருப்பின், அவ்வொரு நாட்டின் வாயிலையும் மீண்டும் சென்று தட்டியிருப்பார் என்றே எண்ணுகின்றோம்.