தோட்டத் தொழிலாளரின் தோழர் கோ. நடேசய்யர்

பால்மரத் தோட்டங்களில் பாடுபட்ட நம் முன்னோரின் கதையை நாம் வீட்டில் கேட்டு வளர்ந்தோம். அவர்களைப் போலவே தமிழகத்தினின்று கடல் கடந்து, இலங்கையின் தேயிலை மலைகளுக்குச் சென்றோரும் பலராவர். அம்மக்களுக்காகத் தம் வாழ்நாளை ஈந்த பெருமகனார் கோ. நடேசய்யர்.

இவர் 1887ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்தில் பிறந்தார். அங்கு 'வர்த்தக மித்திரன்' என்னும் இதழை நடத்தினார். 1915இல் கொழும்பு சென்றபோது, தோட்டத் தமிழரின் நிலையை நேரில் காண விழைந்தார். துரையின் அனுமதியின்றி அயலார் எவரும் தோட்டத்தினுள் நுழைய இயலாத காலம் அது. ஆகவே, துணி வியாபாரியைப் போல வேடம் பூண்டு லயங்களுக்குள் சென்றார்.

அங்கு அவர் கண்ட கொடுமைகளுள் ஒன்று 'துண்டு' முறை. ஊரிலிருந்து அழைத்து வந்த வழிச்செலவே தொழிலாளியின் முதற்கடன். அதன்மேல் வேறு செலவுகளும் ஏறும். வேறு தோட்டம் செல்ல விரும்பினால் துரையிடம் துண்டுச் சீட்டுப் பெற வேண்டும். கடனை அடைத்தால் ஆளை விடுவிக்கலாம் என்பதே அச்சீட்டின் பொருள். புதிய தோட்டம் அக்கடனைக் கட்டும். கட்டிய தொகை மீண்டும் தொழிலாளியின் தலையில் விழும். இடம் மாறினாலும் கடன் மாறவில்லை. சங்கிலி இல்லை, ஆயினும் ஒரு காகிதம் அவர்களைக் கட்டிப்போட்டது. அவர்கள் பறித்த கொழுந்து இலண்டன் வரை சென்றது. அத்தேநீரைப் பருகியவர்கள் துண்டைப் பற்றி அறியார்.

துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் கடனும் அச்சமும் ஒழியவில்லை. காகிதத்தால் கட்டுண்ட மக்களுக்காக நடேசய்யரும் காகிதத்தையே கையில் எடுத்தார். 'தேசநேசன்' நாளிதழின் ஆசிரியராக இருந்து தொழிலாளர் குறைகளை எழுதினார். 1925இல் சட்ட நிரூபண சபையில் இடம்பெற்று அவர்களுக்காக வாதாடினார். 1931இல் அட்டன் நகரில் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் ஒன்றை நிறுவினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் விழிப்புணர்ச்சிப் பாடல்களைப் பாடினார். எழுத்தறியாதாரும் பாட்டின் வழியே தம் உரிமையை உணர்ந்தனர். 1936இல் அட்டன் தொகுதியின் சார்பில் அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற ஐயர், 1947இல் மறைந்தார்.

மலாயாவிலும் கங்காணிகள் வழியே ஆள் சேர்க்கும் முறை 1938 வரை இருந்தது. இன்றோ, பிற நாடுகளினின்று நம் நாட்டிற்கு வேலை தேடி வருவோரிற் பலர், முகவருக்குக் கொடுக்கக் கடன் வாங்கியே வருகின்றனர். சிலரின் கடப்பிதழ் வேறொருவர் பெட்டியில் பூட்டப்படுகிறது. துண்டின் பெயர் மறைந்தது. அதன் நிழல் முற்றும் மறையவில்லை.

அன்பு மாணவச் செல்வங்களே! பெற்றோர் ஒரு தாளில் கையெழுத்திடுமுன் அதனைப் படித்துப் பொருள் கூறுங்கள். அயல்நாட்டுத் தொழிலாளரைக் கண்டால் இழிவாக எண்ணாதீர்கள். நம் பாட்டனாரும் அவ்வாறே வந்தவர்தாம். நாம் கற்கும் கல்வி பிறர் கட்டையும் அவிழ்க்க உதவுமாயின், அதுவே நடேசய்யருக்கு நாம் செய்யும் நன்றியாகும்.