மார்கரெட் மக்மில்லன் அம்மையார்

சுவரிருந்தால் அன்றோ சித்திரம் வரையலாம்? உடல் நலமின்றி உள்ளம் கல்வியைக் கொள்ளாது. பசித்த வயிற்றோடும் நோயுற்ற உடலோடும் பள்ளியில் அமரும் சிறுவனுக்கு ஆசிரியர் எத்துணை நன்றாகக் கற்பித்தும் பயனில்லை. இவ்வுண்மையை இங்கிலாந்து நாடு உணரும்படி செய்தவருள் முதன்மையானவர் மார்கரெட் மக்மில்லன் அம்மையார்.

மார்கரெட் 1860-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டினர். மார்கரெட் ஐந்து வயதை எட்டியபோது குடும்பத்தைப் பெருந்துன்பம் சூழ்ந்தது. செங்காய்ச்சல் என்னும் கொடிய தொற்றுநோய் தந்தையையும் தங்கையையும் கவர்ந்து சென்றது. மார்கரெட்டும் அந்நோய்வாய்ப்பட்டார், உயிர் பிழைத்தாரெனினும் செவிப்புலனை இழந்தார். அது மீளப் பல ஆண்டுகள் ஆயின. கைம்பெண்ணான தாய், மார்கரெட்டையும் மூத்தவளான ரேச்சலையும் அழைத்துக்கொண்டு ஸ்காட்லாந்தில் உள்ள இன்வர்னஸ் நகருக்குத் திரும்பினார். நோய் ஒரு குழந்தையின் வாழ்வை எவ்வாறு குலைக்கும் என்பதை மார்கரெட் நூல்களில் படித்து அறியவில்லை. தம் உடலிலேயே பட்டு அறிந்தார்.

அந்நாளில் இங்கிலாந்தில் ஒரு புதுமை நிகழ்ந்திருந்தது. ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகள் யாவரும் பள்ளிக்கு வருதல் வேண்டும் என 1880-இல் சட்டம் இயற்றப்பட்டது. ஏழை மக்களின் குழந்தைகளும் பள்ளியில் திரண்டனர். ஆயின், அவர்களுடைய உடல்நிலையைப் பற்றி எவரும் கவலை கொள்ளவில்லை.

1893-இல் மார்கரெட், கம்பளி ஆலைகள் நிறைந்த பிராட்போர்டு நகரில் குடியேறினார். அடுத்த ஆண்டிலேயே அந்நகரின் பள்ளிக் குழுவுக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பள்ளிகளைச் சுற்றிப் பார்த்த அவர் கண்ட காட்சிகள் நெஞ்சை உருக்குவன. குளிர்காலம் முழுவதும் களையாத ஆடையுடன் சில குழந்தைகள் இருந்தனர். பலருக்குச் சொறியும் சிரங்கும் இருந்தன. பல் சொத்தையும் கண்ணோயும் காதுநோயும் இருந்தன. சற்று வளர்ந்த பிள்ளைகளோ பாதி நாள் ஆலையில் உழைத்து, மீதி நாள் பள்ளியில் தூங்கி விழுந்தனர். ஒரே அறையில் நெருங்கி அமர்ந்த குழந்தைகளிடையே ஒருவருக்கு வந்த நோய் மற்றவருக்கும் எளிதிற் பரவியது. அறிவு வளர்க்க அமைந்த இடமே பிணி வளர்க்கும் இடமாயிற்று.

அம்மையார் வாளாவிருக்கவில்லை. பள்ளி மருத்துவர் ஜேம்ஸ் கெர் என்பாருடன் சேர்ந்து, தொடக்கப் பள்ளிக் குழந்தைகளை ஆராயும் மருத்துவச் சோதனையை நடத்தினார். அந்நாட்டில் நடந்த இத்தகைய சோதனைகளுள் இது மிக முற்பட்டதாகும். 1897-இல் அந்நகரின் பள்ளி ஒன்றில் குளியலறைகள் அமைக்கப்பட்டன. காற்றோட்டம் வேண்டும், நல்லுணவு வேண்டும் என்றும் அவர் இடைவிடாது வாதாடினார்.

எதிர்ப்பும் எழுந்தது. குழந்தையைக் கழுவுவதும் ஊட்டுவதும் பெற்றோர் கடமை. அதற்காக மக்களின் வரிப்பணத்தைச் செலவிடலாகாது எனப் பலர் மறுத்தனர். பள்ளிக்கு வந்தே தீரவேண்டும் எனக் கட்டாயப்படுத்தும் அரசுக்கு, வந்த குழந்தையைப் பேணும் பொறுப்பும் உண்டு என்பதே அம்மையாரின் கொள்கை. அதிலிருந்து அவர் சிறிதும் பிறழவில்லை.

1902-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிக் குழுக்களைக் கலைத்துவிட்டது. அவற்றின் பொறுப்பை ஏற்ற மன்றங்களுக்கு அப்போது பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட இயலாது. பதவியிழந்த மார்கரெட், பிராட்போர்டை விட்டு, தமக்கை ரேச்சலுடன் வாழத் தென்னிங்கிலாந்து சென்றார். ரேச்சல் நலவாழ்வுப் பணியில் தேர்ந்தவர். இருவரும் பிறருடன் கூடி ஓயாது முயன்றனர். பள்ளிக் குழந்தைகளுக்கு உணவளிக்க இடந்தரும் சட்டம் 1906-இலும், பள்ளிகளில் மருத்துவச் சோதனையைக் கட்டாயமாக்கும் சட்டம் 1907-இலும் பிறந்தன.

சோதனையால் நோய் புலப்படும். நோய் தீர மருத்துவம் வேண்டுமன்றோ? 1908-இல் இலண்டனின் போ என்னும் பகுதியில் சகோதரிகள் பள்ளி மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினர். சோப்பு வணிகரான ஜோசப் ஃபெல்ஸ் பொருளுதவி செய்தார். 1910-இல் ஏழை மக்கள் வாழ்ந்த டெட்போர்டு என்னும் பகுதியில் மற்றொன்று எழுந்தது. கண், காது, பல், தோல் ஆகியவற்றின் நோய்கள் அங்கே தீர்க்கப்பட்டன. ஆயினும் ஒரு குறை அம்மையாரை வாட்டியது. குணமடைந்து சென்ற குழந்தைகள் சில வாரங்களில் அதே நோயோடு மீண்டும் வந்தனர். இருளும் ஈரமும் நெரிசலும் நிறைந்த வீடுகளே அதற்குக் காரணம் என அவர் உணர்ந்தார். நோய் வந்தபின் தீர்ப்பதினும் வருமுன் காப்பதே சிறந்தது எனத் துணிந்தார்.

அத்துணிவின் பயனாக, 1911-இல் டெட்போர்டில் இரவு முகாம் தோன்றியது. சிறுமியர் மாலையில் வந்து நீராடி, தூய காற்றில் உறங்கி, காலையுணவு உண்டு பள்ளிக்குச் சென்றனர். அவர்தம் உடல்நலம் ஓங்கியது. ஐந்து வயதுக்குக் குறைந்த மழலையரையும் காக்க எண்ணி, 1914-இல் திறந்தவெளிக் குழந்தைப் பள்ளியைச் சகோதரிகள் நிறுவினர். வெயிலும் காற்றும் புகும் கொட்டகைகள், பூஞ்செடிகளும் காய்கறிகளும் வளரும் தோட்டம், குளியல், சத்துணவு, நண்பகல் உறக்கம் ஆகியவை அப்பள்ளியின் பாடங்கள் ஆயின.

அதே ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. போர்க்காலத் துன்பங்களுக்கிடையே, 1917-இல் ரேச்சல் மறைந்தார். துணையிழந்த மார்கரெட் பணியைத் துறக்கவில்லை. பள்ளிக்குத் தமக்கையின் பெயரைச் சூட்டி உழைத்தார். மறு ஆண்டு இயற்றப்பட்ட கல்விச் சட்டம், உள்ளூர்க் கல்வி மன்றங்கள் குழந்தைப் பள்ளிகள் நடத்த அதிகாரம் அளித்தது. குழந்தைப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க, ரேச்சலின் பெயரால் அமைந்த கல்லூரியை 1930-இல் மேரி அரசியார் திறந்து வைத்தார். அடுத்த ஆண்டு மார்கரெட் அம்மையார் உலக வாழ்வை நீத்தார்.

அம்மையார் மணம் புரிந்து கொள்ளவில்லை. பெற்ற பிள்ளை எனச் சொல்ல அவருக்கு ஒருவரும் இலர். எனினும், பள்ளிக்கு வந்த ஏழைக் குழந்தைகள் யாவரையும் தம் குழந்தைகளாகவே கருதினார். பள்ளியில் மருத்துவர் ஒருவர் மாணவனின் கண்ணையும் பல்லையும் நோக்கும்போதெல்லாம், பிள்ளைகளைப் பேணாத கல்வி கல்வியாகாது என உணர்த்திய அவ்வம்மையாரின் தொண்டு விளங்கி நிற்கின்றது.