எலிகளுக்கு மெட்ராஸ் சாப்பாடு கொடுத்துப் பார்த்த குன்னூர் டாக்டர்! யார் இந்த ராபர்ட் மெக்கரிசன்?

பரீட்சை நாள் வந்தாலே சிலருக்கு வயிறு கலக்கும். வீட்டில் சண்டைன்னா பசியே எடுக்காது. மனசு கெட்டா வயிறு கெடும் என்பது நமக்குத் தெரிஞ்ச விஷயம்தான். ஆனா, தட்டில் விழும் சாப்பாடு வயிறையும் சுபாவத்தையும் சேர்த்தே கெடுக்குமா? நூறு வருஷத்துக்கு முன்பு நீலகிரி மாவட்டம் குன்னூரில் இதைச் சோதித்துப் பார்த்தவர் சர் ராபர்ட் மெக்கரிசன்.

எங்கிருந்து வந்தார்?

1878-ல் அயர்லாந்தின் போர்ட்டடவுனில் பிறந்தவர். பெல்ஃபாஸ்டில் மருத்துவம் முடித்து, 1901-ல் ராணுவ மருத்துவராக இந்தியா வந்தார். இன்று பாகிஸ்தான் வசம் உள்ள கில்கிட் பகுதியில், தைராய்டு கழலை ஏன் வருகிறது என்று ஆராய்ந்தார். அங்கே சந்தேகத்துக்குரிய கலங்கல் தண்ணீரைத் தானே குடித்துச் சோதித்தவர் இவர்!

அதே மலைப்பகுதியில் ஹுன்சா மக்களுக்கும் வைத்தியம் பார்த்தார். முழுத் தானியம், காய்கறி, பழம், பால் சாப்பிட்ட அவர்களிடம் அல்சரோ, நாள்பட்ட அஜீரணமோ அவர் கண்ணில் படவில்லை. கவலையோ களைப்போ வந்தால் உடனே கலங்கும் வயிறும் அங்கே இல்லை என்று பதிவு செய்தார்.

ஒரே ஒரு அறை

1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரு அறையில் ஆய்வு தொடங்கியது. விஷயம் பெரிபெரி நோய். சத்துக்குறைவான உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்தபோது வயிற்றுப்போக்கு, குடல் புண், பெருங்குடல் அழற்சி என்று வரிசையாக வந்தன. சத்துக்குறைவு முதலில் கைவைக்கும் இடங்களில் ஜீரணப் பாதையும் ஒன்று என்பதை அவர் கண்டார். 1923-ல் அரசின் சிக்கன நடவடிக்கையால் ஆய்வு நின்றே போனது. 1925-ல் மீண்டும் உயிர் பெற்றது.

எலிகள் சொன்னது என்ன?

இந்தியாவின் பல பகுதிச் சாப்பாடுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்தார். சப்பாத்தி, பால், வெண்ணெய், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி அடங்கிய சீக்கியர் உணவில் எலிகளின் சராசரி எடை 235 கிராம். தீட்டிய அரிசி அதிகமும் மற்றதெல்லாம் கொஞ்சமுமாக இருந்த மெட்ராஸ் உணவில் 155 கிராம். பட்டியலில் கடைசி இடம் நமக்குத்தான்!

மரவள்ளியை நம்பியிருந்த திருவிதாங்கூர் ஏழைகளின் உணவு, மெட்ராஸ் ஏழைகளின் உணவு இரண்டிலும் எலிகளுக்கு இரைப்பைப் புண் வந்தது.

இன்னொரு கூட்டத்துக்கு இங்கிலாந்து ஏழைகளின் சாப்பாடு. வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை டீ, ஜாம், டின் இறைச்சி. இந்த எலிகள் பதற்றமாகவே இருந்தன, பராமரிப்பவர்களைக் கடித்தன. நாளடைவில் தங்களுக்குள் பலவீனமானவற்றைக் கொன்று தின்னவும் தொடங்கின. சீக்கியர் உணவு சாப்பிட்டவையோ சண்டையின்றி வளர்ந்தன.

இன்று எவ்வளவு நிற்கிறது?

எல்லாமே நிற்கவில்லை. அல்சருக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்பதற்கான வழி 1982-ல் ஆஸ்திரேலியாவில்தான் திறந்தது. ஹுன்சா மக்களுக்கு நோயே கிடையாது என்று பின்னால் பரவிய கதையும் மிகை. எலியின் கோபத்தை வைத்து மனுஷ மனசை அப்படியே கணக்குப் போடவும் முடியாது. ஆனா, குடலும் மூளையும் ஓயாமல் பேசிக்கொள்கின்றன என்பதை இன்றைய மருத்துவம் ஏற்கிறது. குடல் எரிச்சல் நோய்க்கு உணவு மாற்றத்தோடு மனநல சிகிச்சையும் தரப்படுகிறது.

1933-ல் சர் பட்டம் பெற்ற மெக்கரிசன், 1935-ல் ஓய்வு பெற்று, 1960-ல் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார். அவரது ஒற்றை அறைதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

நமக்கு என்ன?

மெட்ராஸ் எலி தோற்றது ருசியால் அல்ல, வறுமையால். அந்தத் தட்டில் பால், பருப்பு, கீரை போதுமான அளவு இல்லை. திருச்சி பக்கம் பச்சைமலையில் சாமை, தினை விளைவித்தவர்களுக்கு இன்று மரவள்ளி முக்கியப் பணப்பயிர். விற்பனைக்கு எது விளைந்தாலும் சரி, வீட்டுத் தட்டில் என்ன விழுகிறது என்பதுதான் கேள்வி. வயிறு சரியில்லைன்னு மாத்திரை தேடும் முன், மெக்கரிசன் பார்த்த இடத்தை நாமும் ஒருமுறை பார்க்கலாம். தொந்தரவு தொடர்ந்தால் மட்டும் டாக்டரைப் பார்க்கத் தள்ளிப்போடாதீங்க.