தன் இதயத்தில் குழாய் செலுத்திச் சோதித்த மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மான்

கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து நெஞ்சுவலியுடன் மருத்துவமனைக்கு வரும் முதியவருக்கும், சென்னையில் பிறவி இதயக் குறையுடன் பிறந்த குழந்தைக்கும் இன்று மார்பைத் திறக்காமலேயே இதயத்தின் உட்புறத்தை ஆராய முடிகிறது. ரத்தக் குழாய் வழியாக மெல்லிய வடிகுழாயைச் செலுத்தும் இந்த முறைக்கு வித்திட்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மான்.

பெர்லினில் 1904 ஆகஸ்ட் 29-ஆம் தேதி பிறந்த அவர், முதல் உலகப் போரில் தந்தையை இழந்தார். மருத்துவப் படிப்பை முடித்து, எபர்ஸ்வால்டே நகர மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பயிற்சி பெற்றார். குதிரையின் கழுத்து நரம்பு வழியாக இதயத்துக்குக் குழாய் செலுத்திய பிரெஞ்சு ஆய்வாளர்களின் படம் அவரைக் கவர்ந்தது. இதயத்தைத் தொடுவதே உயிருக்கு ஆபத்து என மருத்துவ உலகம் கருதிய காலம் அது. மனிதரிடம் அதைச் செய்து பார்க்க அவர் அனுமதி கோரினார். தலைமை மருத்துவர் மறுத்துவிட்டார்.

ஆயினும் 1929-இல் ஃபோர்ஸ்மான் அதைத் தன் உடலிலேயே செய்தார். கருவிகளுக்குப் பொறுப்பாக இருந்த செவிலியர் கெர்டா டிட்சன், சோதனைக்குத் தாமே உட்பட முன்வந்தார். அவரை மேசையில் கட்டிவைத்துவிட்டு, சிறுநீர்ப் பாதை சிகிச்சைக்கான குழாயைத் தன் இடது முழங்கை நரம்பில் செலுத்தினார் ஃபோர்ஸ்மான். பின்னர் குழாயுடனேயே எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று, 65 சென்டிமீட்டர் வரை உள்ளே தள்ளினார். அதன் முனை இதயத்தின் வலது பகுதியை எட்டியதை எக்ஸ்ரே படம் உறுதி செய்தது.

அவரது கட்டுரை அதே ஆண்டில் வெளியானபோது, பாராட்டைவிடக் கண்டனமே மிகுந்தது. பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் அவரது பணி நீடிக்கவில்லை. இதயத்தில் எக்ஸ்ரே சாயத்தைச் செலுத்திப் படமெடுக்கவும் அவர் முயன்றார். ஆதரவு கிட்டாததால் சிறுநீரகவியல் துறைக்கு மாறினார். 1932-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தது அவரது வாழ்வில் அழியாத கறையாகும். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றிப் போர்க் கைதியானார். விடுதலைக்குப் பின் சில காலம் மரம் வெட்டியும் பிழைத்தார்.

இதற்கிடையே, நியூயார்க் பெல்லெவ்யூ மருத்துவமனையில் ஆந்த்ரே கூர்னாண்ட், டிக்கின்சன் ரிச்சர்ட்ஸ் ஆகியோர் 1940-களில் அம்முறையை நோயறியும் கருவியாக வளர்த்தெடுத்தனர். இதய அறைகளின் அழுத்தத்தையும் ரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவையும் குழாய் மூலம் அறிந்தனர். வலப்பக்க அறையில் ஆக்சிஜன் வழக்கத்தைவிட மிகுந்திருந்தால், இதயச் சுவரில் துளை இருப்பதைக் கண்டறிய வழி பிறந்தது. 1956-இல் இம்மூவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்போது ஃபோர்ஸ்மான், பாட் க்ரொய்ஸ்நாக் என்ற சிறு நகரில் சிறுநீரகவியல் மருத்துவராக இருந்தார்.

கேரளக் கடலோரப் பகுதிகளில் ஒரு காலத்தில் அதிகம் காணப்பட்ட எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ் என்ற அரிய நோயை உறுதிப்படுத்தவும் இந்த முறை கைகொடுத்தது. இந்நோயில் இதயத்தின் உட்பரப்பில் தழும்பு போன்ற நார்த்திசு படிந்து, அறைகள் சுருங்கிவிடும். சாயம் செலுத்தி எடுக்கும் படத்தில், அறையின் முனை அடைபட்டிருப்பது தெளிவாகத் தெரியும்.

ஃபோர்ஸ்மான் 1979 ஜூன் 1-ஆம் தேதி இதய நோயால் காலமானார். மேலதிகாரியின் தடையை மீறி, செவிலியரை ஏமாற்றிச் செய்யப்பட்ட அத்தகைய சோதனைக்கு இன்றைய மருத்துவ நெறிமுறைகள் இடமளிக்காது. ஆயினும், அதன் பயன் உலகெங்கும் இதய சிகிச்சைக் கூடங்களில் நாள்தோறும் உயிர்களைக் காத்து வருகிறது.