பளபளப்பைக் கணக்கிட்டவர்

புதுப் பித்தளைக் குடத்தின் மேல் வெயில் பட்டால், அதன் வயிற்றில் ஒரே இடத்தில் பளிச்சென்று ஒளி மின்னும். பக்கத்தில் இருக்கும் மண் பானை மீதும் அதே வெயில்தான் படுகிறது. ஆனால் பானை மின்னுவதில்லை. அவலூர்பேட்டைச் சந்தைக்கு வரும் சிறு பிள்ளைகூட, தொட்டுப் பாராமலே எது பித்தளை, எது மண் என்று சொல்லிவிடும். அந்த மின்னலே அடையாளம்.

கண்ணுக்கு எளிதான இந்த வேலை கம்ப்யூட்டருக்கு எளிதாக இல்லை. பளபளப்பைச் செம்மையாக வரைய அதற்கு வழி காட்டியவர் ஒரு வியட்நாம் இளைஞர். அவர் பெயர் புய் தூங் ஃபோங்.

இரண்டாகப் பிளந்த நாடு

ஃபோங் 1942-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஹனோய் நகரில் பிறந்தார். அப்போது வியட்நாம், புதுச்சேரியைப் போலவே, பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது.

1954-ல் வியட்நாம் வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிளந்தது. ஃபோங்கின் குடும்பம் பிறந்த ஊரை விட்டுத் தெற்கே சைகோன் நகருக்குப் போயிற்று. அவருக்கு அப்போது 11 வயது.

சைகோன் தமிழருக்குப் புதிய ஊர் அல்ல. புதுச்சேரி, காரைக்காலில் இருந்து பலர் அங்கே பிழைக்கப் போனார்கள். தமிழர் வழிபட்ட மாரியம்மன் கோவில் இன்றும் அங்கே இருக்கிறது.

1964-ல் ஃபோங் மேல்படிப்புக்காகப் பிரான்சுக்குச் சென்றார். படித்து எஞ்சினீயர் ஆனார். 1968-ல் அந்நாட்டு அரசின் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1971-ல் அமெரிக்காவில் உள்ள யூட்டா பல்கலைக்கழகம் அவரை ஏற்றுக்கொண்டது.

ஓடி ஒளிந்த புள்ளி

கம்ப்யூட்டரில் படம் வரையும் கலைக்கு அந்த நாளில் யூட்டாதான் தலைநகரம். அங்கே ஒரு சிக்கல் எல்லோரையும் வாட்டியது.

கம்ப்யூட்டர் ஒரு பந்தை வரைய வேண்டுமானால், தட்டையான சிறு துண்டுகளை ஒட்டித்தான் வரையும். அதனால் பந்து உருண்டையாகத் தெரியாது. பட்டை தீட்டிய கல் போல் தெரியும்.

அங்கே படித்த கூரோ என்ற பிரெஞ்சுக்காரர் 1971-ல் ஒரு வழி கண்டார். ஒவ்வொரு துண்டின் மூலைகளில் மட்டும் நிறத்தைக் கணக்கிட்டு, இடையில் உள்ள இடத்தை அந்த நிறங்களின் கலவையால் நிரப்பினார். பட்டைகள் பெரும்பாலும் மறைந்தன. ஆனால் மின்னும் புள்ளி ஒரு துண்டின் நடுவில் விழுந்தால், அதுவும் சேர்ந்து மறைந்தது! பொருளைத் திருப்பினால் பளபளப்பு தோன்றித் தோன்றி ஒளிந்தது.

ஃபோங் செய்த மாறுதல் சிறியது. பலனோ பெரியது. அவர் நிறத்தைக் கலக்கவில்லை. பரப்பு எந்தப் பக்கம் நோக்கி இருக்கிறது என்ற திசையைக் கலந்தார். பிறகு படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒளியைத் தனியாகக் கணக்கிட்டார். ஓடி ஒளிந்த பளபளப்பு தன் இடத்தில் நின்றது.

மூன்று கூறுகள்

ஒரு பொருளின் மேல் தெரியும் ஒளியை அவர் மூன்று கூறாகப் பிரித்தார். எங்கும் பரவிய பொது வெளிச்சம் ஒன்று. மண் பானையில் தெரிவது போன்ற மங்கிய ஒளி இரண்டாவது. பித்தளையில் தெறிக்கும் மின்னல் மூன்றாவது. மூன்றையும் கூட்டினால் படம்.

மின்னலைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் ஓர் எண் போதும். எண் சிறியதானால், எண்ணெய் தடவிய மரம் போல் பளபளப்பு அகன்று படரும். எண் பெரியதானால், கண்ணாடி போல் ஒரு புள்ளியாகச் சுருங்கும்.

இதில் குறையும் உண்டு. ஒரு வீட்டுக்குள் ஜன்னல் வழியே வரும் வெயில் தரையில் பட்டு, சுவரில் பட்டு, கடைசியில் கட்டிலுக்கு அடியிலும் மெல்லிய வெளிச்சம் தருகிறது. அத்தனை பயணத்துக்கும் சேர்த்து ஃபோங் ஒரே அளவைத்தான் வைத்தார். அதனால் அறையின் மூலைகள் உயிரற்றுத் தெரிந்தன. தம் முறை அசலை ஒட்டிய தோற்றமே தவிர அசல் அல்ல என்பதை அவரே ஒப்புக்கொண்டார். மெதுவாக ஓடிய அந்நாள் கம்ப்யூட்டரில் அதற்கு மேல் செய்வதும் கடினம்.

சுவருக்குச் சுவர் தாவும் ஒளியைக் கணக்கிடும் முறையை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1984-ல் வெளியிட்டனர். கட்டாத வீட்டின் கூடத்தையும் சமையலறையையும் இன்று முன்கூட்டியே படமாகக் காட்டுகிறார்களே, அதற்கு இத்தகைய முறைகளே துணை.

32 வயதில் முடிவு

1973-ல் ஃபோங் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார். ஆனால் கொடிய நோய் அவரைப் பற்றிக்கொண்டது.

1975 ஏப்ரல் 30-ல் சைகோன் வீழ்ந்தது. அவர் வளர்ந்த நாடு தேசப்படத்திலிருந்து மறைந்தது. ஜூன் மாதம் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை அச்சில் வந்தது. மொத்தம் 7 பக்கங்கள். அதே ஆண்டில், 32 வயதில், ஃபோங் காலமானார்.

கம்ப்யூட்டரிலேயே வரைந்த முதல் முழுநீளச் சினிமா வந்தது 1995-ல். அதைக் காண அவர் இல்லை.

வியட்நாமில் குடும்பப் பெயர் முதலில் வரும். தாய் தந்தையர் சூட்டிய பெயர் கடைசியில் வரும். வெளிநாட்டார் பலர் அது தெரியாமல், ஃபோங் என்பதே குடும்பப் பெயர் என்று நினைத்து, அவருடைய முறைக்கு ‘ஃபோங் முறை’ என்று பெயரிட்டார்கள். அந்தத் தவறிலும் ஒரு நன்மை விளைந்தது. பெற்றோர் ஆசையுடன் அழைத்த பெயரையே இன்று உலகமும் சொல்கிறது.