நேருவை எதிர்த்து நின்ற டாக்டர் லோகியா

ஆர்.கே.புரம் தமிழர்கள் நோய்நொடி என்றால் சஃப்தர்ஜங்குக்கு அடுத்தபடியாக நாடுவது ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரியைத்தான். அங்கே மருந்துச் சீட்டுடன் வரிசையில் நிற்போரில் பலருக்கு ஒரு விஷயம் தெரியாது. தமிழர்கள் மீது குண்டு பாய்ந்ததற்காகச் சொந்தக் கட்சியின் மந்திரிசபையையே விலகச் சொன்ன தலைவரின் பெயர் அது.

லோகியா 1910 மார்ச் 23-ந் தேதி உத்தரப் பிரதேசத்தில் உள்ள அக்பர்பூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை ஹீராலால் காந்திஜியின் தொண்டர். காசியிலும் கல்கத்தாவிலும் படித்த லோகியா, ஜெர்மனி சென்று பெர்லினில் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் ஆராய்ந்தது இந்தியாவின் உப்பு வரி.

நாடு திரும்பியவர் உத்தியோகம் தேடவில்லை. 1934-ல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரானார். 1942 போராட்டத்தில் தலைமறைவாக இருந்து பணியாற்றினார். 1944-ல் பிடிபட்டு லாகூர் கோட்டையில் சித்திரவதைக்கு உள்ளானார். விடுதலையான கையோடு 1946 ஜூன் 18-ல் கோவாவில் போர்ச்சுகீசியர் தடையை மீறிக் கைதானார்.

குமரித் தமிழருக்காக

1954-ல் திருவிதாங்கூர்-கொச்சியில் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை முதல் மந்திரியாக இருந்தார். தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்துடன் இணைக்கக் கோரி நேசமணி தலைமையில் கிளர்ச்சி நடந்தது. ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸார் சுட்டதில் பலர் மாண்டனர்.

கட்சியின் பொதுச் செயலாளரான லோகியா அப்போது உத்தரப் பிரதேசத்தில் சிறையில் இருந்தார். அங்கிருந்தபடியே மந்திரிசபை ராஜினாமா செய்ய வேண்டும் என்றார். கட்சி இணங்கவில்லை. அவர் பதவியைத் துறந்தார்; பின்னர் தனியே சோஷலிஸ்ட் கட்சி கண்டார். 1956 நவம்பர் 1-ந் தேதி குமரி மாவட்டம் சென்னை ராஜ்யத்துடன் இணைந்தது.

பூல்பூர் போட்டி

1962 பொதுத் தேர்தலில் பூல்பூர் தொகுதியில் பிரதமர் நேருவையே எதிர்த்து நின்றார். வெல்ல முடியாது என்பது அவர் அறியாததல்ல. சிறிய கட்சி, பண பலமும் இல்லை. சுமார் 54 ஆயிரம் வாக்குகள் பெற்று, ஏறத்தாழ 64 ஆயிரம் வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார்.

அடுத்த ஆண்டே பருக்காபாத் இடைத்தேர்தலில் வென்று பார்லிமெண்டுக்கு வந்தார். 27 கோடி மக்கள் நாளொன்றுக்கு மூன்றணாவில் பிழைக்கிறார்கள் என்று வாதிட்டார். சர்க்கார் தரப்பு பதினைந்தணா என்றது. ஏழையின் ஒரு நாள் செலவு பற்றி நாடே பேசியது.

ஆங்கிலத்தை அகற்ற வேண்டும் என்ற அவரது கொள்கையைத் தமிழகம் ஏற்கவில்லை. ஹிந்தி வந்து அமரும் என்ற அச்சம் இங்கே இருந்தது. 1965-ல் தமிழகம் கொதித்தெழுந்தது. அந்த வேற்றுமைக்காக 1954-ல் அவர் செய்ததை மறப்பது நியாயமாகாது.

1967-ல் கன்னோஜில் 500-க்கும் குறைவான வாக்குகளில் வென்றார். அதே ஆண்டு டில்லி வில்லிங்டன் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குப் பின் நோய் முற்றி, அக்டோபர் 12-ல் காலமானார். வயது 57. மணம் புரியாதவர், சொத்து சேர்க்காதவர். அவர் உயிர் பிரிந்த அந்த ஆஸ்பத்திரிக்கே பின்னர் அவர் பெயர் சூட்டப்பட்டது.